"போட்டன்" எலும்பு இல்ல: மேற்கு ஃப்ளாண்டர்ஸ் காலணிப் பேருங்களை இங்கிலீஷுக்குக் கொண்டுபோன ஒரு வேலை, முழு நிகழ்வு ஆய்வு

வயல்லேருந்து வந்ததும் எலும்புகளைக் கழட்டி, உள்ள பழைய நியூஸ்பேப்பரைத் திணிச்சு, அடுப்புக்குப் பக்கத்துல காயவைப்போம். என் கைக்கு வந்த இங்கிலீஷ் டிராஃப்ட்ல இப்படித்தான் ஒரு வரி இருந்துச்சு. சொன்னவங்க எண்பது வயசு தாண்டின ஒரு பாட்டி, பெல்ஜியத்துல டச்சு பேசுற பக்கமான மேற்கு ஃப்ளாண்டர்ஸ்ல விவசாயக் குடும்பம், அவங்க பேசினதை ரெக்கார்ட் பண்ணி எழுத்தாக்கி அதை யாரோ ஒரு மெஷின்ல போட்டு இங்கிலீஷாக்கி எனக்கு "கொஞ்சம் சரி பாத்துக் குடுங்க"ன்னு அனுப்பியிருந்தாங்க. பாட்டி சொன்ன வார்த்தை போட்டன். ஸ்டாண்டர்ட் டச்சுல போட்னா எலும்பு, போட்டன்னா எலும்புகள், மெஷின் அதை எடுத்துக்கிச்சு. ஆனா ஃப்ளாண்டர்ஸ்ல சாதாரண ஜனங்க வாயில போட்டன்னா பூட்ஸ். பிரெஞ்சு 'போத்'லேருந்து வந்தது, இங்கிலீஷ் பூட்டும் பழைய பிரெஞ்சுலேருந்து வந்ததுதான், அதாவது ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, பக்கத்துப் பக்கத்துல நிக்குறாங்க, நடுவுல ஸ்டாண்டர்ட் டச்சு வந்து மறைச்சிருச்சு.

அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு மனுஷி தன் வாழ்க்கையைச் சொல்லியிருக்காங்க, அது இன்னொரு மொழிக்குப் போறப்ப அவங்களுக்குப் புத்தி பேதலிச்ச மாதிரி ஆயிருச்சு. சரி பாத்துக் குடுக்குற வேலை இல்ல இது, முதல்லேருந்து செய்யணும்னு சொல்லி வாங்கினேன். அந்த வேலையில காலணிச் சொற்கள் மட்டும் என்ன பாடு படுத்துச்சு, எதை எப்படி முடிவு பண்ணேன், எங்க மாத்திக்கிட்டேன்னு முழுசா எழுதி வைக்கிறேன், டச்சுன்னு இல்ல, எந்த வட்டார வழக்கோட மல்லுக்கட்டுறவங்களுக்கும் உதவும்.

வேலை என்னன்னா

பெல்ஜியத்தோட மேற்குக் கோடி, பிரெஞ்சு எல்லையை ஒட்டின பகுதிக்கு வெஸ்ட்ஹூக்னு பேரு. ஈப்பர் நகரம் அங்கதான், பிரெஞ்சுல ஈப்ர, முதல் உலகப்போர்ல வந்த பிரிட்டிஷ் சிப்பாய்ங்க வாயில நுழையாம 'வைப்பர்ஸ்' ஆக்கின ஊர். அங்க மெனின் கேட்ங்குற போர் நினைவு வாசல்ல 1928லேருந்து ராத்திரி 8 மணிக்கு லாஸ்ட் போஸ்ட்ங்குற அஞ்சலி இசையை ஊதுறாங்க, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருந்த வருஷங்கள் மட்டும்தான் நின்னுச்சு. இதை ஏன் சொல்றேன்னா அந்தப் பக்கத்துக்கு வர்ற டூரிஸ்ட்ல பெரிய பங்கு பிரிட்டிஷ்காரங்க, கல்லறைகளைப் பாக்க வர்றவங்க. அப்ப நான் எழுதுற இங்கிலீஷைப் படிக்கப்போறது அமெரிக்கர்கள் இல்ல, லண்டன்காரங்க மட்டுமும் இல்ல, வட இங்கிலாந்துல இருக்குற லங்காஷயர், யார்க்‌ஷயர்லேருந்து தாத்தாவோட தம்பி பேரைத் தேடி வர்ற குடும்பங்களும்தான். இந்த ஒரு விஷயம் பின்னாடி எல்லா முடிவையும் புரட்டிப் போட்டுச்சு.

அங்க ஒரு ஊர்ல உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துற சின்னக் குழு, பேர் வேண்டாம், ஒரு ஷெட்ல பழைய வீட்டுச் சாமான், விவசாயச் சாமான் எல்லாம் சேத்து வச்சிருக்காங்க. ஒரு மூலை முழுக்கக் காலுக்குப் போடுறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு லேபிள், கூடவே அந்தப் பாட்டியோட பேச்சுலேருந்து சில பத்திகள். லேபிள்ல பொருளோட பேரை அவங்க வேணும்னே வட்டார வழக்குலதான் எழுதியிருந்தாங்க, க்ளூஃபன், ஸ்லூஃபன், ஸ்லெட்ஸன், போட்டன், பொத்தீனன், இப்படி. கடைசியில வர்ற 'அன்' பன்மை விகுதி, நம்ம 'கள்' மாதிரி, நான் கீழ பெரும்பாலும் ஒருமையிலயே எழுதுறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். இதுல எல்லாமே 'டயலெக்ட்' இல்ல. க்ளூஃப் நிஜமாவே மேற்கு ஃப்ளாண்டர்ஸ் வட்டாரச் சொல், ஆன்ட்வெர்ப்காரங்க அதைத் தங்களோட வார்த்தைன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஸ்லெட்ஸ், ஸ்லூஃப், பொத்தீன் எல்லாம் ஃப்ளாண்டர்ஸ் முழுக்க வீட்டுல, கடையில பேசுறப்ப வர்ற சொல், டீச்சர் பேப்பர்ல எழுதினா சிவப்புல கோடு போடலாம், அவ்வளவுதான். ரெண்டையும் 'டயலெக்ட்'ன்னு ஒரே மூட்டையில கட்டி இங்கிலீஷ்ல கொச்சையா எழுதினா பாட்டி சாதாரணமாப் பேசுற இடமெல்லாம் பட்டிக்காட்டுப் பேச்சா மாறிடும். இதைப் பிரிச்சு வச்சுக்கிட்டுத்தான் உள்ளயே இறங்கினேன்.

க்ளூஃப்

ஹாலந்துன்னாலே எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த மரச் செருப்பு, ஸ்டாண்டர்ட் டச்சுல க்ளோம்ப். ஆனா ஊருக்கு ஊர் பேர் மாறும். மேற்கு ஃப்ளாண்டர்ஸ்ல க்ளூஃப். கிழக்கு ஃப்ளாண்டர்ஸ் பக்கம் போனா ப்ளோக், அதாவது கட்டை. இன்னும் கிழக்க ஹோல்ப்ளோக், குடைஞ்ச கட்டை. வடகிழக்குல ஜெர்மன் எல்லைப் பக்கம் ஹோல்ஸ்கன்னு ஒரு பேர், மரம் ஷூ ரெண்டு சொல்லும் ஒண்ணாச் சேர்ந்து தேஞ்சு தேஞ்சு அப்படி ஆனது. செய்யுறவரு பேரும் அதே மாதிரி மாறும், கிழக்குல ப்ளோக்மாகர், கட்டை செய்யுறவர், மேற்குல க்ளூஃப்காப்பர், க்ளூஃப் வெட்டுறவர். எனக்கு இந்த 'வெட்டுறவர்' ரொம்பப் பிடிச்சது, வேலையைக் கண்ணால பாத்தவன் வச்ச பேர் அது. வில்லோ இல்ல பாப்ளர் மரத்தைப் பச்சையா இருக்கும்போதே எடுத்து கோடாலியால வெட்டி உருவம் கொண்டுவந்து, ஒரு முனை மேடையில மாட்டியிருக்குற நீளக் கத்தியால வெளிப்பக்கம் சீவி, கரண்டி வாய் மாதிரி இருக்குற துளைப்பானால உள்ள குடைஞ்சு, அப்புறம்தான் காயப்போடுவாங்க. ஒரே மரத்துண்டு. ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது. இந்த 'ஒரே மரத்துண்டு' விஷயத்தை மனசுல வச்சுக்கங்க.

இங்கிலீஷ் டிராஃப்ட்ல க்ளாக்னு இருந்துச்சு. எந்த டச்சு இங்கிலீஷ் அகராதியை எடுத்தாலும் அதுதான் இருக்கும், தப்புன்னு சொல்ல முடியாது. இங்கிலீஷ் க்ளாக்குக்கும் பழைய அர்த்தம் மரக்கட்டைதான், மாடு ஓடாம இருக்கக் கால்ல கட்டுற கட்டையைக்கூட க்ளாக்னுதான் சொன்னாங்க, அப்பறம் அது செருப்புக்கு வந்துச்சு, ப்ளோக் வந்த அதே பாதை. ஆனா லங்காஷயர்காரங்க கிட்ட க்ளாக்னு சொன்னா அவங்க கண்ணு முன்னாடி வர்றது வேற சாமான். அங்க பருத்தி மில் தொழிலாளிங்க போட்ட க்ளாக்ல அடி மட்டும்தான் மரம், மேல தோல், அடியில குதிரை லாடம் மாதிரி இரும்புப் பட்டை அடிச்சிருக்கும், அதைப் போட்டுத் தட்டி ஆடுற நடனமே உண்டு. அவங்க வீட்டுப் பரண்லயே ஒரு ஜோடி கிடக்கலாம். அமெரிக்காவுலயோ க்ளாக்னா பெரும்பாலும் பின்பக்கம் திறந்த கட்டை அடிச் செருப்பு, நர்ஸுங்க சமையல்காரங்க போடுறது. ஆக ஒரே க்ளாக், மூணு ஊருல மூணு சாமான்.

சரி வேற என்ன போடலாம்னு பாத்தேன். சபோன்னு போடலாம், பிரெஞ்சுச் சொல், இங்கிலீஷ்லயும் இருக்கு, ஒரே மரத்துல குடைஞ்சதுங்குறதும் அதுல சரியா வரும். ஆனா பாட்டி பேசுறது பிரெஞ்சு எல்லையில இருந்துக்கிட்டு ஃப்ளெமிஷ்ல, அதாவது ஃப்ளாண்டர்ஸ் டச்சுல. பெல்ஜியத்துல மொழி எவ்வளவு பெரிய காயம்னு அங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், ஒரு ஃப்ளெமிஷ் விவசாயி கால்ல பிரெஞ்சுப் பேரை மாட்டிவிட எனக்கு மனசு வரல. போதாக்குறைக்கு சபோன்னதும் உடனே எல்லாரும் 'சபோட்டாஜ், தொழிலாளிங்க மெஷினுக்குள்ள மரச் செருப்பை வீசினாங்களே'ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, அது கட்டுக்கதை, பிரெஞ்சுல 'சபோத்தே'ன்னா வேலையைத் தாறுமாறா, அரைகுறையாச் செய்யுறது, அங்கேருந்துதான் அந்தச் சொல் வந்துச்சு.

க்ளோம்பன்னே போட்டா? அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஹாலந்துன்னே ஒரு ஊர் இருக்கு, டச்சுக் குடியேறிகள் ஊர், வருஷா வருஷம் டூலிப் டைம் திருவிழாவுல க்ளோம்பன் டான்ஸ் நடக்கும், அங்க அந்தச் சொல் இங்கிலீஷுக்குள்ளயே குடி வந்திருச்சு. ஆனா அது வடக்கு டச்சுச் சொல். லேபிள்ல க்ளூஃப்னு வேணும்னே எழுதினவங்க கிட்ட இங்கிலீஷ்ல க்ளோம்ப்னு குடுத்தா, ஒரு வட்டாரச் சொல்லை அழிச்சு ஸ்டாண்டர்ட் சொல்லை ஒட்டின மாதிரி ஆகும்.

மிச்சம் இருந்தது வுடன் ஷூ, மர ஷூ. ரொம்பச் சாதாரணமா இருக்கேன்னு முதல்ல ஒதுக்கி வச்சிருந்தேன். தேடினப்ப இதுக்கும் ஒரு பழைய வாசனை இருக்குன்னு தெரிஞ்சது, 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல 'போப்பாண்டவர் ஆட்சியும் வேண்டாம், மரச் ஷூவும் வேண்டாம்'னு கோஷமே போட்டிருக்காங்க, மரச் ஷூன்னா பிரெஞ்சு ராஜா கீழ ஏழையா அடிமையாக் கிடக்குறதுன்னு அர்த்தம். இன்னைக்குப் படிக்கிறவங்களுக்கு அந்த வாசனை வராது. பொருள் என்னன்னு நேராச் சொல்லிடும், லங்காஷயர் க்ளாக்கோட குழம்பாது. அதனால முதல் தடவை க்ளூஃபன்னு அவங்க வார்த்தையையே சாய்வெழுத்துல வச்சு, ஒரே மரத்துல குடைஞ்ச மரச் ஷூன்னு பக்கத்துல விளக்கிட்டு, அப்புறம் வர்ற இடமெல்லாம் வுடன் ஷூஸ்னு முடிவு பண்ணேன்.

இந்த முடிவுக்கு நான் தனியா வரல. ஃப்ளெமிஷ் வட்டார வழக்குக்கு அகராதிகள் பெரிய புதையல், அதுவும் அமைப்பே வேற மாதிரி. கென்ட் பல்கலைக்கழகத்துல 1972ல ஆரம்பிச்ச ஃப்ளெமிஷ் வட்டார வழக்கு அகராதி இருக்கே, அது அகர வரிசை இல்ல, பொருள் வரிசை. அதாவது நீங்க சொல்லைத் தேட மாட்டீங்க, சாமானைத் தேடுவீங்க, மரச் செருப்புன்னு போனா எந்த ஊருல அதுக்கு என்ன பேர்னு வரிசையா வரும். பக்கத்து டச்சு வட்டாரங்களான பிராபன்ட்டுக்கும் லிம்பர்குக்கும் அதே மாதிரி தனித்தனியா இருக்கு, விவசாயம், கைத்தொழில், பொதுச் சொற்கள்னு மூணு பெரும் பகுதி. மேற்கு ஃப்ளாண்டர்ஸுக்குன்னே 1873லயே டி போங்குற பாதிரியார் ஒரு பெரிய அகராதி போட்டுட்டார். ஸ்டாண்டர்ட் டச்சுக்கு 1864லேருந்து 1998 வரைக்கும் வெளிவந்த அந்த மாபெரும் அகராதி தனி. ஒரு பொருளோட எல்லை எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுறதுல அந்தப் பொருள் வரிசை அகராதிக்கு ஈடே இல்ல, நம்ம வட்டாரச் சொல்லகராதிகளும் இப்படி ஒரு வடிவத்துல வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

ஸ்லூஃப், ஸ்லெட்ஸ், சிலிப்பர்

தமிழ் படிக்கிறவங்களுக்கு உடனே புரியுற இடம் இது. நம்ம ஊர்ல சிலிப்பர்னா என்ன? ரப்பர் செருப்பு, கட்டைவிரலுக்கு நடுவுல வார் போற ஹவாய். டச்சுலயும் அதேதான்! ஹாலந்துல சிலிப்பர்னா பீச்சுக்குப் போடுற செருப்பு. ஆனா இங்கிலாந்துக்காரங்களுக்கு சிலிப்பர்னா வீட்டுக்குள்ள குளிருக்குப் போடுற மெத்துன்னு துணிச் செருப்பு, அதை டச்சுல பான்டொஃபல்னு சொல்லணும். நாமளும் டச்சுக்காரங்களும் ஒரே பக்கம், இங்கிலீஷ்காரங்க எதிர்ப்பக்கம்.

இதுல ஃப்ளாண்டர்ஸ் நடுவுல நிக்குது. அங்க வீட்டுச் செருப்பு ஸ்லூஃப், வடக்கு டச்சு ஸ்லோஃபோட சொந்தம். ஸ்லெட்ஸ்னா தரையில தட்டித் தட்டி இழுத்துட்டுப் போற செருப்பு, அதைப் போட்டு நடக்குறப்ப வர்ற சத்தமே அந்தப் பேர்ல கேக்குற மாதிரி இருக்கும். பீச்சுல போட்டா ஃபிளிப்-ஃப்ளாப்பும் ஸ்லெட்ஸ்தான், வீட்டுல பின்பக்கம் இல்லாத பழைய செருப்பும் ஸ்லெட்ஸ்தான். பாட்டி பேச்சுல அவங்க அம்மா ஸ்லெட்ஸோடயே தெருவுக்குப் போய் ரொட்டி வண்டியை நிறுத்துவாங்கன்னு வருது. டிராஃப்ட்ல ஃபிளிப்-ஃப்ளாப். ரெண்டாம் உலகப்போருக்கு முந்தின வெஸ்ட்ஹூக் கிராமத்துல விவசாயி வீட்டம்மா ரப்பர் ஃபிளிப்-ஃப்ளாப்போட தெருவுல! காலமே இடிக்குதுல்ல. அந்தச் செருப்பு அவங்க சேகரிப்புல இல்ல, போட்டோவும் இல்ல, அதனால குழுவுல ஒருத்தரைப் பாட்டிகிட்ட நேரா கேக்கச் சொன்னேன். பழைய கம்பளித் துணிச் செருப்பு, குதிகால் பக்கம் மிதிச்சு மிதிச்சு மடங்கிப் போனதுன்னு பதில் வந்துச்சு. நல்லதா இருந்தா ஸ்லூஃப், மடங்கிட்டா ஸ்லெட்ஸ், அவங்க வீட்டுல அப்படித்தானாம். ஒரே செருப்பு, வயசாகுறப்ப பேர் மாறுது. இந்த மாதிரி ஒண்ணு எந்த அகராதியிலயும் கிடைக்காது, கேட்டாத்தான் கிடைக்கும்.

இங்கிலீஷ்ல இதுக்கு ஸ்லிப்ஷாட்னு ஒரு சொல் இருக்கு, ஆரம்பத்துல அர்த்தமே லூசான செருப்பை மாட்டிக்கிட்டுத் திரியுறதுதான், ஆனா இன்னைக்கு அது பொறுப்பில்லாத வேலைக்குச் சொல்றது மட்டும்தான். போட்டா அந்த அம்மாவைச் சோம்பேறின்னு திட்டுன மாதிரி ஆகும். அதனால 'குதிகால் மடங்கின பழைய சிலிப்பர்'னு நீட்டி எழுதினேன். ஒரு வார்த்தைக்குப் பல வார்த்தை ஆனாலும் பரவாயில்ல.

ஸ்லூஃபுக்கு இன்னொரு சிக்கல், பழமொழி. புருஷன் 'ஸ்லூஃபுக்குக் கீழ' இருக்கான்னா பொண்டாட்டி சொல்றதைத்தான் கேப்பான்னு அர்த்தம், நம்ம 'பொண்டாட்டிதாசன்'. ஸ்டாண்டர்ட் டச்சுல அதே ஆளுக்குப் பான்டொஃபல் வீரன்னு பேர் உண்டு. இங்கிலீஷ்ல வழக்கமா கட்டைவிரலுக்குக் கீழன்னு சொல்வாங்க. சாதாரணக் கதையா இருந்தா நானும் அதைத்தான் போட்டிருப்பேன், ஆனா இது காலணி மூலையில மாட்டுற லேபிள், செருப்பைத் தூக்கிட்டு கட்டைவிரலை வச்சா அந்த வாக்கியம் அங்க இருக்குறதுக்குக் காரணமே போயிடும். 'இங்க சொல்ற மாதிரி, அவ சிலிப்பருக்குக் கீழ'ன்னு செருப்போடயே எழுதினேன், படிக்கிறவங்களுக்கு உடனே புரிஞ்சிடும்.

பொத்தீன், ஷூ, ஜிம் செருப்பு

பொத்தீன் சுலபம். பிரெஞ்சு வழியா வந்த சொல், கணுக்கால் வரைக்கும் வர்ற, லேஸ் கட்டுற பூட்ஸ். பாட்டி வீட்டுல ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் பொத்தீன், மத்த நாள் க்ளூஃப். டிராஃப்ட்ல பூட்டீஸ்னு இருந்துச்சு, இங்கிலீஷ்ல அது கைக்குழந்தைக்குப் பின்னுற கம்பளிக் காலுறை, மாத்தியாச்சு. தோல் யாருக்கு, மரம் யாருக்கு, எந்த நாளுக்குங்குறதுதான் அந்தப் பத்தியோட உயிர், அதனால மரம் தோல் ரெண்டு சொல்லும் இங்கிலீஷ்ல கண்டிப்பா எதிரெதிரா வந்து நிக்கணும்னு பாத்துக்கிட்டேன்.

ஷூவுக்கு டச்சுல ஸ்ஹூன். இது உண்மையில பழைய பன்மை! முன்னாடி ஒருமை 'ஸ்ஹூ', ஒரு ஷூவைத் தனியா யாரு பேசப்போறாங்க, ஜோடியாவே சொல்லிச் சொல்லி பன்மையே ஒருமையாகி, அதுக்கு மேல இன்னொரு பன்மை விகுதி ஏறி ஸ்ஹூனன் ஆயிருச்சு. கால்விரலுக்கான சொல்லுக்கும் டச்சுல இதே கதைதான். ஆனா மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பேச்சுல பழைய ஒருமை இன்னும் உயிரோட இருக்கு, பாட்டி 'ன்' இல்லாம சொல்றாங்க. எழுத்தாக்கினவர் அதைப் பிழைன்னு நெனச்சு 'ன்' சேத்துட்டார், ரெக்கார்டிங்கைக் கேட்டப்பதான் தெரிஞ்சது. இங்கிலீஷ்லயும் 'ஷூன்' அப்படின்னு இதே பழைய பன்மை ஒரு காலத்துல இருந்துச்சு, இப்ப பழைய பாட்டுலயும் ஸ்காட்லாந்து பக்கத்துப் பேச்சுலயும்தான் கேக்கும். அதைக் கொண்டுவந்து போடலாம்னு ஒரு ஆசை வந்துச்சு. போடல. பாட்டி பழங்காலமாப் பேசல, அவங்க ஊர்ல எல்லாரும் பேசுற மாதிரிதான் பேசுறாங்க. மொழிபெயர்ப்புல சும்மா ஷூ, டச்சு மூலத்துல 'ன்' எடுக்கச் சொல்லி ஒரு குறிப்பு.

ஜிம் செருப்பு எதிர்பாக்காத இடத்துல மாட்டிவிட்டுச்சு. ஸ்கூல்ல உடற்பயிற்சிக்குப் போடுற ரப்பர் அடித் துணி ஷூ, ஃப்ளாண்டர்ஸ்ல டர்ன்ஸ்லூஃப், இங்கிலீஷ்ல ப்ளிம்சல். ஆனா ப்ளிம்சல்ங்குறது பாதி இங்கிலாந்துக்குப் புத்தகச் சொல். பிரிஸ்டல், சவுத் வேல்ஸ்ல டாப்ஸ், வட இங்கிலாந்துல பம்ப்ஸ், ஸ்காட்லாந்துல சேண்ட்ஷூஸ், பெல்ஃபாஸ்ட்ல கட்டீஸ். குழுவுல இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் அப்ப ஒரு யோசனை சொன்னார், ஏன் பாட்டி பேச்சு முழுசையும் வட இங்கிலாந்து வழக்குலயே எழுதக் கூடாது, வட்டார வழக்குக்கு வட்டார வழக்கு, வர்றவங்களும் அந்தப் பக்கம்தானேன்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னார், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். என்னால ஒத்துக்க முடியல. வெஸ்ட்ஹூக் வயல்ல பீட்ரூட் பிடுங்கின பொண்ணு திடீர்னு லங்காஷயர் பருத்தி மில்லுல வேலை பாத்தவ மாதிரிப் பேச ஆரம்பிச்சா அவங்க ஊரே காணாமப் போயிடும், மண்ணு வேற, வேலை வேற, மதம்கூட வேற. அவங்க வார்த்தை அவங்க வார்த்தையாவே சாய்வெழுத்துல நிக்கட்டும், சுத்தி எளிமையான இங்கிலீஷ் வரட்டும்னு சொன்னேன். ப்ளிம்சல்னே போட்டோம்.

கலோஷ்

இதுக்கு அப்பறம் எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு லேபிளை எல்லாம் அனுப்பிட்டேன். ஒரே ஒரு லேபிள்ல குழுவோட கேள்வி திரும்பி வந்துச்சு. பாட்டி பேச்சுல, போருக்கு அப்புறம் அண்ணன் எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் சீசன் வேலைக்குப் போய் 'கலோஷ்' வாங்கிட்டு வந்தான், அதைப் பாத்து எல்லாரும் பொறாமைப்பட்டோம்னு ஒரு இடம். நான் அதை கலாஷஸ்னு போட்டிருந்தேன். இங்கிலீஷ்ல கலாஷ்னா மழையில நல்ல ஷூ நனையாம இருக்க மேல மாட்டுற ரப்பர் உறை, ஸ்டாண்டர்ட் டச்சுலயும் அதே அர்த்தம்தான், எழுத்தும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால ஒரு நிமிஷம்கூட நிக்காம தாண்டிப் போயிட்டேன். மெஷின் போட்டன்ல பண்ணது எதுவோ அதையேதான் நான் இங்க பண்ணியிருக்கேன், ஸ்டாண்டர்ட் டச்சு சொன்னதை அப்படியே நம்பிட்டேன்.

அவங்க கேட்ட கேள்வி, எங்க கலோஷ்ல ரப்பரே இல்லையே, அடியில மரம்ல இருக்குன்னு. போட்டோ அனுப்பினாங்க. கெட்டியான மர அடி, மேல கறுப்புத் தோல், ஓரத்துல சுத்தி ஆணி, முன்னாடி லேஸ். பிரெஞ்சுல கலோஷ்னா இதுதான், மர அடியும் தோல் மேலும் சேர்ந்த ஷூ, பிரான்ஸ்ல ஸ்கூல் பிள்ளைங்கள்லேருந்து தொழிலாளிங்க வரைக்கும் போட்டது. எல்லையோரத்துல இருக்குறவங்க பிரெஞ்சு அர்த்தத்தோடயே சொல்லை எடுத்துக்கிட்டாங்க, வடக்குல ரப்பர் அர்த்தம் நின்னுச்சு. வெஸ்ட்ஹூக் சொல்லைப் பாக்குறப்ப ஆம்ஸ்டர்டாமைப் பாக்குறதுக்கு முன்னாடி எல்லைக்கு அந்தப்புறம் பிரான்ஸ்ல இருக்குற லீல் பக்கம் பாக்கணும், நான் அதைச் செய்யல.

போட்டோவைப் பாத்ததும் அடுத்தது தானா விளங்கிருச்சு. மர அடி, தோல் மேல்பாகம். லங்காஷயர் க்ளாக்! க்ளூஃபுக்குப் பொருந்தாதுன்னு நான் ஒதுக்கி வச்ச அதே க்ளாக், கலோஷுக்குக் கச்சிதமா உக்காருது. ஆக அகராதி க்ளாக்னு சொல்ற க்ளூஃபுக்கு நான் வுடன் ஷூ போட்டேன், அகராதி ரப்பர் உறைன்னு சொல்ற கலோஷுக்கு க்ளாக் போட்டேன். டச்சு தெரிஞ்ச யாராவது லேபிளைப் பாத்தா ரெண்டும் இடம் மாறி ஒட்டிட்டாங்கன்னு நெனப்பாங்க, அதனால குழுவுக்கு விளக்கி ஒரு பக்கம் தனியா எழுதிக் குடுத்தேன், பின்னாடி யாரும் நல்லது பண்றோம்னு திருத்திடக் கூடாதே. அண்ணனைப் பாத்து ஏன் பொறாமைங்குறதும் இப்பதான் அர்த்தமாகுது, ரப்பர் உறைக்கு யாரும் பொறாமைப்பட மாட்டாங்க, கடையில வாங்கின, தோல் வச்ச, லேஸ் கட்டுற மர அடி ஷூன்னா க்ளூஃபுக்கும் பொத்தீனுக்கும் நடுவுல ஒரு படி ஏறின மாதிரி.

இதே கண்ணால சேகரிப்பை மறுபடி ஒரு சுத்து பாத்தோம். ஒரு ஜோடி 'சின்ன க்ளூஃப்'னு எழுதி வச்சிருந்தது வெறும் மர அடியும் குறுக்க ஒரு தோல் பட்டையும்தான். டச்சுல ட்ரிப்னு ஒரு குடும்பம் இருக்கு, நடுக்காலத்துல நல்ல ஷூவுக்கு அடியில மாட்டிக்கிட்டுச் சேத்துல நடக்குற மரச் செருப்பு, இங்கிலீஷ்ல பேட்டன். யான் வான் எய்க் 1434ல வரைஞ்ச அர்னோல்ஃபினி ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு, அதுல இடது பக்கம் கீழ ஒரு ஜோடி கழட்டிப் போட்டுக் கிடக்கும், அதேதான். ஆனா இவங்ககிட்ட இருக்குறது ஷூவுக்கு அடியில மாட்டுறது இல்ல, வெறுங்கால்லயோ கம்பளிச் சாக்ஸோடயோ போடுறது, அளவைப் பாத்தாலே தெரியுது. அதனால பேட்டன்னு எழுதல. தோல் பட்டை வச்ச மரச் செருப்புன்னு உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

இலங்கைத் தமிழ் படிக்கிறவங்களுக்காக ஒண்ணு. 1658லேருந்து 1796 வரைக்கும் இலங்கைக் கரையோரம் டச்சுக்காரங்க கையில இருந்துச்சு, கந்தோர், கக்கூஸ் எல்லாம் அவங்க விட்டுட்டுப் போன சொற்கள். ஆனா கால்ல போடுறது மட்டும் சப்பாத்துதான், அது அவங்களுக்கு முன்னாடி வந்த போர்த்துகீசியர் சொல். டச்சு ஷூ அங்க கரையேறவே இல்ல.

லேபிள் எல்லாம் இப்ப மாட்டியாச்சு. போட்டன் பூட்ஸ் ஆயிருச்சு, பாட்டி தன் பூட்ஸைக் கழட்டிப் பேப்பர் திணிச்சு அடுப்புப் பக்கத்துல வைக்கிறாங்க. ஒரு வேலை மட்டும் பாக்கி. ரெக்கார்டிங்ல அவங்க 'க்ளூஃபன்'னு சொல்ற இடம் ஒண்ணு இருக்கு, கடைசி எழுத்துகளை விழுங்கிட்டு, வெஸ்ட்ஹூக்காரங்க சொல்ற மாதிரியே. அந்தச் சின்னத் துண்டை வெட்டி மர ஷூவுக்குப் பக்கத்துல ஒரு பட்டன்ல வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன், அமுக்கினா அவங்க குரல் வரணும். மின்சார வேலை தெரிஞ்ச ஒருத்தரைத் தேடிக்கிட்டு இருக்காங்க.